ஜெபக்குறிப்பில் அடுத்த வீட்டுக் கதை வந்தால்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று மூன்று சபையாரும் ஒரே தெருவில் வேலி பகிர்ந்து குடியிருப்பார்கள். யார் மகன் குடிக்கிறான், யார் ஆராதனைக்கு வருவதில்லை என்பதெல்லாம் எல்லா வீட்டுக்கும் தெரியும். பிறரை நியாயந்தீர்க்கும் குணம் இங்கே சண்டையாக வருவது குறைவு. "அந்த வீட்டுக்காகக் கொஞ்சம் பாரமா ஜெபிக்கணும்" என்று ஜெபக்குறிப்பாகத்தான் வரும். திருத்தத்தையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

வீட்டுக் கூட்டத்தில் ஒருவர் அப்படி ஆரம்பித்தால், நடத்துகிறவர் உடனே, "அவங்ககிட்ட கேட்டாச்சா?" என்று கேட்கட்டும். கேட்கவில்லையென்றால் பெயரும் விவரமும் வேண்டாம். பெயர் வாயிலிருந்து வந்துவிட்டதா? அந்த வீட்டின் சமாதானத்துக்காக இரண்டு வரி ஜெபித்து அடுத்த குறிப்புக்குப் போங்கள். "ஆண்டவரே, அவன் செய்ததை நீர் அறிவீர்" என்று ஜெபித்தால் அதுவும் கதை சொல்வதுதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோம், அவ்வளவே.

பிறகு ஒரு தாளை எடுத்து, அவரைப் பற்றித் தெரிந்ததைக் கண்டது, கேட்டது, ஊகித்தது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். மூன்று ஞாயிறு வரவில்லை என்பது கண்டது. விசுவாசம் போய்விட்டது என்பது ஊகம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவராக இருக்கலாம். படுக்கையில் தாய் இருக்கலாம். ஊகித்ததை அடித்துவிடுங்கள். பல நேரம் தாளில் ஒரு வரிதான் மிஞ்சும்.

உங்களுக்கே தீங்கு செய்தவராக இருந்தால் மத்தேயு 18-ல் இயேசு சொன்ன கதையின் கடன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ராஜாவிடம் பெருங்கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன், தன்னிடம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை மன்னிக்க மறுக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி; ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் உடன்வேலைக்காரன் பட்ட கடன் 100 நாள் கூலி, ராஜா மன்னித்த 10,000 தாலந்தோ 6 கோடி நாள் கூலி. 100 நாள் கூலி சின்னத் தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு வலிக்கவில்லை என்று இயேசு சொல்லவில்லை. வலித்தது உண்மை, மன்னிக்கப்பட்டது அதைவிடப் பெரிது.

அடுத்தது சந்திப்பு. அதற்கும் அதே அதிகாரத்தில் வரிசை இருக்கிறது: முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்", கேட்காவிட்டால் ஓரிருவரோடு, அதற்கும் பிறகுதான் சபை. பெரும்பாலும் கெடுவது இந்த வரிசைதான். முதல் நாளே போதகருக்குப் போன், அல்லது வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனம். யாருக்கு அந்த வசனம் என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கலாத்தியர் 6:1-ல் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று இருக்கிறதே, கிரேக்கத்தில் அந்தச் சொல்தான் யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்த இடத்திலும் (மத்தேயு 4:21) வருகிறது. குளச்சல் கரையில் வலை பின்னுகிறவரைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. கிழிந்ததற்காக வலையை யாரும் எறிவதில்லை. மடியில் போட்டு, கிழிசலைத் தேடி, பழைய கண்ணி அளவுக்கே முடிச்சுப் போடுவார்கள். இறுக்கினால் பக்கத்தில் கிழியும்.

ஆகவே குடித்திருக்கும் நேரத்தில் போகாதீர்கள். பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள். கோவில் முற்றத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். சாயங்காலம் போய், கொடுத்த சாயாவைக் குடியுங்கள். "அண்ணே, மூணு வாரமா காணல்லியே, சொகந்தானா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் வசனம் சொல்லத் தொடங்குவதுதான் வழக்கமான பிழை. முதல் சந்திப்பில் வசனமே வேண்டாம். "எல்லாரும் சொல்லுறாங்க" என்ற பேச்சும் கூடாது. அதைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் மனதில் ஊரே நீதிமன்றமாகிவிடும். யோவான் 8-ல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் இயேசு "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்று சொன்ன பிறகே "இனிப் பாவஞ்செய்யாதே" என்றார்.

ஓர் எல்லை உண்டு, இதில் தளர்வே கூடாது. மனைவியை அடிப்பதும் குழந்தையிடம் அத்துமீறுவதும் தனியாகப் பேசித் தீர்க்கிற காரியங்கள் இல்லை. அடிபட்டவளிடம் "பொறுத்துக்கோ, மன்னிச்சிடு" என்பது இரக்கமே இல்லை. அவளுக்குப் பாதுகாப்பான இடம் முதலில். உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். செய்தவர் சபை மூப்பராக இருந்தாலும் இதுவே.

விலகியிருந்தவர் ஒரு ஞாயிறு திரும்பி வருவார். "அடடே, வழி தெரிஞ்சதா?" என்று கேட்டுவிடாதீர்கள், வாசலில் விழுகிற அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த வாரம் வராமல் போனவர்கள் உண்டு. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்து, கீர்த்தனை எண்ணை விரலால் காட்டினால் போதும்.