பச்சைத் தேயிலை எடைப் பதிவும் வற்றிப்போகும் கனெக்‌ஷன் பூலும்

நீலகிரியில் கோத்தகிரி, குந்தா பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஜாவா வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் சாயங்கால நேரத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். பகலில் பறித்த கொழுந்தை ஊர் ஊராக எடை போட்டு லாரியில் ஏற்றும்போது பதிவுகள் மொத்தமாக வந்து விழும். காலையில் நன்றாக ஓடிய சர்வர் அப்போது பார்த்து நின்றுவிடும். லாகைத் திறந்தால் ‘கனெக்‌ஷன் இஸ் நாட் அவைலபிள், ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் ஆஃப்டர் 30000 எம்எஸ்’ என்று ஹிகாரி வரிசையாக எழுதி வைத்திருக்கும். டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களை ஒரு பூலில் வைத்து, கேட்பவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும் லைப்ரரிதான் ஹிகாரி. 30 நொடி காத்தும் ஒன்றும் காலியாகவில்லை என்று பொருள்.

உடனே பூல் சைஸை 10-லிருந்து 100 ஆக்கிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பு வரம்பே மொத்தம் 100 கனெக்‌ஷன்தான். இரண்டு சர்வர் ஓடினால் இரண்டாவது சர்வருக்கு ஒன்றும் மிஞ்சாது. முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பதிவு கனெக்‌ஷனை 50 மில்லி செகண்ட் பிடித்திருந்தால், 10 கனெக்‌ஷன் நொடிக்கு 200 பதிவைத் தாங்கும். அதே பதிவு 3 நொடி பிடித்திருந்தால், நொடிக்கு மூன்றுதான் தாங்கும். அப்படிப் பிடித்து வைத்திருப்பது யார் என்று தேடுங்கள்.

ஹிகாரியின் லீக் டிடெக்‌ஷன் திரெஷோல்டு இயல்பாக அணைந்திருக்கும். அதை 5000 மில்லி செகண்டுக்கு வையுங்கள். கனெக்‌ஷனை அதற்கு மேல் வைத்திருக்கும் மெத்தட் எது என்று ஸ்டாக் டிரேஸோடு லாகில் வரும். கூடவே, சர்வர் திணறும்போதே ஜாவாவோடு வரும் ஜேசிஎம்டி கமாண்டின் திரெட் பிரிண்ட் வசதியால் 10 நொடி இடைவெளியில் மூன்று டம்ப் (ஒவ்வொரு திரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். மூன்றிலும் ஒரே வரியில் நிற்கும் திரெட்டுகளைப் பாருங்கள். பெரும்பாலும் அவை டேட்டாபேஸில் நிற்காது. எஸ்எம்எஸ் கேட்வேயின் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கும். ‘23 கிலோ பெறப்பட்டது’ என்று விவசாயிக்குச் செய்தி அனுப்பும் வரியை டிரான்சாக்‌ஷனல் மெத்தடுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். அந்த மெத்தட் முடியும்வரை கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பாது.

அந்த வரியை வெளியே எடுப்பதிலும் மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று: டிரான்சாக்‌ஷனல் பகுதியை அதே கிளாஸில் தனி மெத்தடாகப் பிரித்து உள்ளிருந்தே அழைத்தால், அழைப்பு ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் இடையில் வைக்கும் பிராக்ஸி வழியாகப் போகாது, அனோடேஷன் வேலையே செய்யாது. வேறு பீனுக்கு (ஸ்பிரிங் நிர்வகிக்கும் இன்னொரு ஆப்ஜெக்டுக்கு) மாற்றுங்கள். இரண்டு: கமிட்டுக்குப் பின் ஓடும் ஈவென்ட் லிஸனரில் வைத்தால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். அந்தக் கட்டத்திலும் கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பியிருக்காது. மூன்று: அசிங்க்காக (தனி திரெட்டில்) விட்டால், அனுப்புவதற்குள் சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் செய்தி போயே போச்சு.

நம்பகமான வழி அவுட்பாக்ஸ் டேபிள். எடையை எழுதும் அதே டிரான்சாக்‌ஷனில் செய்தியையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். தனி வேலை ஒன்று சில நொடிக்கொரு முறை வந்து, ‘ஸ்கிப் லாக்டு’ (ஏற்கெனவே லாக் ஆன வரிகளைத் தாண்டிப்போ) போட்டு 20 வரிகளை எடுத்து, ‘எடுத்தாயிற்று’ என்று குறித்துக் கமிட் செய்யட்டும். அனுப்புவது அதற்குப் பிறகுதான். லாக்கைப் பிடித்துக்கொண்டே அனுப்பினால் பழைய நோயே திரும்ப வரும். குறித்த பின் நின்றுபோன வரிகளைச் சில நிமிடம் கழித்து மறுபடி எடுக்கவும் வழி வையுங்கள். கேட்வே அழைப்புக்கு கனெக்ட் டைம்அவுட் 2 நொடி, ரீட் டைம்அவுட் 5 நொடி கொடுங்கள். அந்த அழைப்பைச் செய்யும் ஸ்பிரிங்கின் ரெஸ்ட் டெம்ப்ளேட்டைச் சும்மா விட்டால் முடிவில்லாமல் காத்திருக்கக்கூடும்.

ஸ்பிரிங் பூட்டின் ஓபன்-இன்-வியூ செட்டிங்கையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். அது இயல்பாக ட்ரூ. பதில் முழுவதும் எழுதி முடியும்வரை கனெக்‌ஷனை விடாது. சிக்னல் மெலிந்த ஊரில் ஒருவர் மாதக் கணக்குப் பட்டியலை இறக்கினால், அவர் போன் வாங்கி முடிக்கும்வரை ஒரு கனெக்‌ஷன் அவருக்கே. மாற்றியதும் லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸப்ஷன் (பிறகு படிக்கலாம் என்று விட்ட தரவை செஷன் மூடிய பின் கேட்டால் வரும் பிழை) பல இடத்தில் வெடிக்கும். அங்கங்கே அந்தத் தரவையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் எழுதிச் சரிசெய்யுங்கள்.

மலையில் இன்னொரு தொல்லை: ‘சேவ்’ அழுத்தியதும் சிக்னல் போய்விடும். எடை சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல், எடை போடும் ஏஜென்ட் மறுபடி அழுத்துவார். 23 கிலோ 46 ஆகிவிடும். படிவம் திறக்கும்போதே போனில் ஒரு யூயூஐடி (வேறெதோடும் மோதாத அடையாள எண்) உருவாக்கி, ஒவ்வொரு முயற்சியிலும் அதையே அனுப்ப வையுங்கள். டேபிளில் அந்த யூயூஐடி நெடுவரிசைக்கு யூனிக் கன்ஸ்ட்ரைன்ட் போடுங்கள். அது இல்லாமல், ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று செலக்ட் செய்து பார்த்துவிட்டு இன்சர்ட் செய்தால், இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நொடியில் நுழையும்போது இரண்டுமே சேர்ந்துவிடும். போஸ்ட்கிரெஸில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டு நத்திங்’ (ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே) எழுதுங்கள். வரி சேரவில்லை என்றால் பழைய ரசீதையே திருப்பி அனுப்புங்கள், பிழைச் செய்தி வேண்டாம். ரசீது கையில் கிடைக்காதவரை ஏஜென்ட் அழுத்திக்கொண்டேதான் இருப்பார்.

சோதனையைக் கோவை அலுவலகத்து ஃபைபரில் முடித்துவிடாதீர்கள். லினக்ஸில் டிசி கமாண்டின் நெட்எம் வசதியால் 400 மில்லி செகண்ட் தாமதமும் 5 சதவீத பாக்கெட் இழப்பும் வைத்து ஓட்டுங்கள். டெஸ்ட் சர்வரில் பூல் சைஸ் 2 போதும். உள்ளேயே புது டிரான்சாக்‌ஷன் தொடங்கும் ‘ரிக்வையர்ஸ் நியூ’ எங்காவது ஒளிந்திருந்தால், ஒரு ரிக்வெஸ்ட் ஒரு கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்கும். இருவர் சேர்ந்து ‘சேவ்’ அழுத்தினாலே இரண்டும் முட்டிக்கொண்டு நிற்பது உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும்.