அஃபிலியேட் மார்க்கெட்டிங் கற்கும்போது பலர் சறுக்கும் இடங்கள்

பிறர் விற்கும் பொருளைப் பற்றி எழுதி, நாம் வைத்த லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் பெறுவதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். பத்துப் பதினைந்து கட்டுரைகள் எழுதியாயிற்று, லிங்க்குகளும் வைத்தாயிற்று, மூன்று மாதமும் ஓடிவிட்டது. கமிஷன் பக்கத்தைத் திறந்தால் பூஜ்யம். "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று பலர் ஒதுங்குவது இந்தக் கட்டத்தில்தான். எனக்கு இதில் வருத்தம் தருவது, அவர்கள் தவறான எண்ணைப் பார்த்து அந்த முடிவுக்கு வருகிறார்கள் என்பதுதான்.

தொடக்க மாதங்களில் கமிஷன் எதையும் சொல்லாது. தேடலுக்காக ஒரு தளத்தைச் சரிசெய்து அதன் பலனைப் பார்க்க, பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்று கூகுளே 2017-இல் சொன்னது. அதற்குப் பிறகும் பணம் உடனே வந்துவிடாது. அமேசானின் அஃபிலியேட் திட்டமான அமேசான் அசோசியேட்ஸில், விற்பனை நடந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் கமிஷன் கைக்கு வரும். ஜனவரியில் விற்றதற்கு மார்ச் கடைசி வாக்கில் பணம். அதாவது இன்றைக்கு வரும் தொகை, பல மாதங்களுக்கு முன் செய்த வேலைக்கானது. இன்றைய உழைப்பு சரியா தவறா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தேடலில் உங்கள் தளம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து, உங்கள் பக்கம் எந்தெந்தத் தேடல்களுக்குத் தோன்றியது என்ற பட்டியலைப் பாருங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். புதிதாக வீடியோ எடுப்பவர்களுக்கான மைக் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். அது ஆயிரம் தடவை தேடலில் தோன்றியிருக்கிறது, நாலு பேர்தான் கிளிக் செய்திருக்கிறார்கள். பலர் இதைத் தோல்வி என்று கடந்துவிடுவார்கள். பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கினால், "இந்த மைக் ஃபோனில் வேலை செய்யுமா", "ஃபோனுடன் இணைக்கத் தனி வயர் வேண்டுமா" என்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. உங்கள் கட்டுரையிலோ எடை, நிறம், பேட்டரி நேரம் எல்லாம் இருக்கிறது, இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. எந்த வகை ஃபோனுக்கு எந்த வயர், அது பெட்டிக்குள்ளேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று ஒரு பகுதி சேர்த்து, தலைப்பிலும் அதைக் குறிப்பிட்டுப் பாருங்கள். வாங்கும் முடிவுக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் இப்படிக் கேட்பார். இதை எந்தக் கோர்ஸும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. உங்கள் பக்கத்துக்கு வருபவர்கள்தான் சொல்லித்தர முடியும்.

அடுத்த தவறு, உங்கள் லிங்க்கில் விழுந்த, கைவிரல் விட்டு எண்ணும் அளவு கிளிக்குகளை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவது. நூறு கிளிக்குக்குச் சராசரியாக இரண்டு விற்பனை தரக்கூடிய நல்ல பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் முதல் 30 கிளிக்கில் ஒரு விற்பனைகூட நடக்காமல் போவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல், ஏறக்குறைய 55 சதவீதம். 150 கிளிக் வந்த பிறகும் ஒன்றுமே இல்லை என்றால் கதை வேறு. அதே பக்கத்தில் அப்படி நடக்கும் வாய்ப்பு 5 சதவீதம்தான். அப்போது பொருளையோ பக்கத்தையோ மாற்ற யோசிக்கலாம். இந்தக் கணக்கு மறுபக்கமும் பொருந்தும். முதல் வாரமே விழுந்த ஒரு விற்பனையை நம்பி, அதே மாதிரி இருபது பக்கம் எழுதிக் குவிப்பதும் அவசரம்தான்.

மாற்றும்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். தலைப்பு, பொருள், லிங்க் வைத்த இடம் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு விற்பனை கூடினால், எதனால் கூடியது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், சில வாரம் விடுங்கள், தேதியோடு குறித்து வையுங்கள். அமேசானில் வெவ்வேறு பக்கங்களுக்கு வெவ்வேறு டிராக்கிங் ஐடி, அதாவது லிங்க்கோடு சேரும் அடையாளக் குறி, போட்டுக்கொள்ளலாம். எந்தப் பக்கம் சம்பாதிக்கிறது என்று பிரித்துப் பார்க்க அது போதும், ஆனாலும் பலர் எல்லாவற்றுக்கும் ஒரே ஐடியை வைத்துவிட்டு இருட்டில் தடவுகிறார்கள்.

துறையை மாற்றிக்கொண்டே இருப்பது இன்னும் பெரிய இழப்பு. உடற்பயிற்சிக் கருவியில் நான்கு மாதம், அப்புறம் சாஃப்ட்வேர், அப்புறம் செல்லப்பிராணிகள். ஒவ்வொரு தாவலிலும் அந்த வாசகர்கள் எதற்குத் தயங்குகிறார்கள், எந்தப் பொருள் அதிகம் திரும்பி வருகிறது, எந்தப் பருவத்தில் விற்பனை ஏறுகிறது என்ற அறிவு அப்படியே போய்விடும். ஒரு வருடமாவது ஒரே இடத்தில் நில்லுங்கள். பருவ ஏற்ற இறக்கமே ஒரு சுற்று வந்தால்தான் புரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தளராமல் வாரம் மூன்று கட்டுரை எழுதுகிறார்கள், இரண்டு வருடம் கழித்தும் முதல் மாதம் எழுதிய மாதிரியே எழுதுகிறார்கள். கையில் தொட்டுப் பார்க்காத பொருளுக்கு, விற்பனைப் பக்கத்தில் இருக்கும் விவரங்களையே மாற்றி மாற்றி எழுதி விமர்சனம் என்று போடுகிறார்கள். மேலோட்டமான பக்கங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளும் பாண்டா என்ற மாற்றத்தை கூகுள் 2011-இல் கொண்டுவந்தது. 2021 ஏப்ரலில் பொருள் விமர்சனங்களுக்கென்றே தனி மாற்றம் வந்தது. பொருளை நன்கு அறிந்தவர்கள் ஆழமாக ஆராய்ந்து எழுதியவற்றுக்கு முன்னுரிமை தருவதாகச் சொன்னார்கள். இந்த நிலையில் பழைய பாணியை எத்தனை வருடம் செய்தாலும் கை தேறாது. பத்துப் பொருளை மேலோட்டமாக எழுதும் நேரத்தில் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ பயன்படுத்தி, அதன் குறையையும் சேர்த்து எழுதுங்கள்.

விதிகளைப் படிக்காமல் தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. அமேசானில் கணக்குத் திறந்த 180 நாட்களுக்குள் மூன்று தகுதியான விற்பனை இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். ஆகவே வாசகர் வரத் தொடங்கிய பிறகு விண்ணப்பிப்பது நல்லது. சொந்த லிங்க்கில் நீங்களே வாங்குவதற்கும் அனுமதி இல்லை. லிங்க் மூலம் உங்களுக்குக் கமிஷன் வரும் என்பதை வாசகரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரே நிறுவனத்தை நம்பி இருப்பதன் விலையை 2020 ஏப்ரலில் பலர் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மரச்சாமான், வீட்டுப் பராமரிப்புப் பொருட்களுக்கான கமிஷனை அமேசான் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. முந்தைய மாதம் போலவே உழைத்தவர்களின் வருமானம் பாதிக்கும் கீழே போனது. முதல் அஃபிலியேட் திட்டம் ஓரளவு பிடிபட்டதும் இரண்டாவதைக் கற்கத் தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக, பழைய கட்டுரைகள். விற்பனையில் இல்லாத பொருளுக்கும், செத்துப்போன லிங்க்குக்கும் வாசகரை அனுப்பிக்கொண்டிருக்கும் பக்கங்கள் எல்லோரிடமும் இருக்கும். மாதத்தில் ஒரு நாள் புதிதாக எதுவும் எழுதாமல், ஏற்கெனவே விற்பனை தந்த பக்கங்களை முதலில் எடுத்து ஒவ்வொரு லிங்க்கையும் சொடுக்கிப் பாருங்கள்.