வாட்டர் ஹீட்டர் போட்டாலே வீடு இருட்டாகிறதா?

போன மாதம் ஒருநாள் விடியற்காலை சிங்கப்பூர் யீஷூனிலிருந்து அம்மா ஃபோன் செய்தார். "ஹீட்டர் போட்டா வீடே இருட்டாயிடுதுப்பா. நாலு தடவ தூக்கி விட்டுட்டேன், நிக்கவே மாட்டேங்குது." அந்த நாலு தடவைதான் எனக்குப் பகீரென்றது. வீடு முழுக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், தூக்கிவிட்ட பிறகும் மறுபடி விழுந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். காரணம் தெரியும்வரை ஹீட்டரைத் தொடாதீர்கள்.

முதலில், விழுந்தது எது என்று பாருங்கள். வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டிக்குள் வரிசையாக இருக்கும் சின்ன சுவிட்சுகள் எம்சிபி. 'டெஸ்ட்' பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி. ஹீட்டருக்கான எம்சிபி மட்டும் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட் அல்லது அதிக லோடு. ஆர்சிசிபி விழுந்தால் கசிவு. உள்ளே போகும் மின்னோட்டம் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதில் நானூறில் ஒரு பங்குகூட இல்லாத கசிவு அது. ஆனால் ஈரத்தில் நிற்கும் ஆளைக் கொல்ல அந்த அளவு மின்சாரமே போதும்.

இனி சோதனை. கையை நன்றாகத் துடைத்து, காய்ந்த தரையில் செருப்போடு நில்லுங்கள்.

1. குளியலறைக்கு வெளியே இருக்கும் ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். எல்லா எம்சிபிகளையும் இறக்குங்கள்.

2. ஆர்சிசிபியைத் தூக்குங்கள். அப்போதே விழுந்தால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

3. நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எல்லாம் நின்றால் கடைசியாக, ஒரே ஒருமுறை, ஹீட்டர் சுவிட்சைப் போடுங்கள். யாரும் குளியலறையில் இருக்கக்கூடாது. இப்போது விழுந்தால் கோளாறு ஹீட்டரிலோ அதற்குப் போகும் வயரிலோதான்.

எம்சிபியை இறக்கினால் போதாதா, ஹீட்டர் சுவிட்சை ஏன் அணைக்க வேண்டும்? சாதாரண எம்சிபி, மின்சாரம் உள்ளே வரும் லைவ் வயரை மட்டும்தான் வெட்டும். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர், எர்த் வயரில் பட்டிருந்தால் எம்சிபி இறங்கியிருந்தாலும் ஆர்சிசிபி விழலாம். ஹீட்டருக்கான டபுள் போல் சுவிட்ச் இரண்டையும் துண்டிக்கும். இது தெரியாமல் ஹீட்டரை விட்டுவிட்டு ஃபிரிட்ஜைச் சந்தேகப்படுபவர்கள் நிறைய.

பெரும்பாலும் குற்றவாளி ஹீட்டிங் எலிமெண்ட். உலோகக் குழாய், உள்ளே சுருள் கம்பி, இரண்டுக்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடு தூள். குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு விட்டாலும் தூள் ஈரத்தை உறிஞ்சி, கசிவு ஆரம்பித்துவிடும். சில சமயம் போட்டவுடன் விழாது. சூடேறிப் பத்து நிமிடம் கழித்து விழும். அம்மா வீட்டில் கோளாறு வேறு. ஹீட்டரின் அடிமூடி விளிம்பில் பழுப்பாக ஒரு துருக்கோடு, அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். தொட்டியே ஓட்டையாகி வயர் முனைகளில் சொட்டிக்கொண்டிருந்தது.

மூடியை நீங்கள் திறக்காதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் கருவியால் அளக்கட்டும். 1 மெகோமுக்குக் கீழே காட்டினால் இன்சுலேஷன் போய்விட்டது. அளவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். "ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2023 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி இருப்பது கட்டாயம். இல்லாத பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தந்திருந்தார்கள்.

புது ஹீட்டர் மாட்டும்வரை மூன்று நாள், சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டு, அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்துத்தான் குளித்தார்.