பாறை ஓவியம் பார்க்கப் போகிறீர்களா? தண்ணீர் பாட்டிலைத் திறக்காதீர்கள்

உடுமலையிலிருந்து சின்னார் வழியாகக் கேரளத்திலுள்ள எங்கள் மறையூருக்கு வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது சந்தனக்காடு, அப்புறம் வெல்லம். பாறை ஓவியம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களை எழுத்து குகைக்குக் கூட்டிப் போகும்போது எனக்கு ஒரே பயம், கையிலிருக்கும் தண்ணீர் பாட்டில்.

போன வருடம் என் சித்தப்பா மகன் அதைத்தான் செய்தான். மங்கலான ஒரு மான் மேல் ஒரு கை தண்ணீரை அடித்தான். சட்டென்று செங்காவி எழுந்தது; கால், கொம்பு எல்லாம் பளிச்சென்று வந்தன. "பாருங்கண்ணே, எப்படித் தெரியுது!" என்றான். கொஞ்ச நேரத்தில் காய்ந்து பழையபடி ஆகிவிட்டது. அப்படித்தான் நமக்குத் தோன்றும். ஆனால் பாறைக்குள் இறங்கிய தண்ணீர் அங்குள்ள உப்பைக் கரைத்துவிடும். ஈரம் காயும்போது அந்த உப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாகப் படியும், அல்லது படிகமாக விரிந்து பாறையின் மேல்தோலைக் காவியோடு சேர்த்து உதிர்த்துவிடும். வருகிற ஒவ்வொருவரும் ஒரு கை தண்ணீர் அடித்தால் என்ன மிஞ்சும்? மங்கலாக இருந்தால் போட்டோ எடுத்து டி-ஸ்ட்ரெச் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாத சிவப்புகூட அதில் தெரியும்.

விரலால் தடவுவதும் வேண்டாம். மூச்சுக்காற்றுகூட ஓவியத்தைக் கெடுக்கும். பிரான்சின் லாஸ்கோ குகை 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சும் ஈரமும் சுவரில் பாசி பிடிக்க வைத்ததால் 1963-லேயே மூடிவிட்டார்கள். நம்முடையது காற்றோட்டமான பாறை ஒதுக்கிடம் என்பதால் அந்த ஆபத்து குறைவு. கையால்தான் இங்கே கெடுதல்.

வயநாட்டு எடக்கல்லுக்குப் போகிறவர்கள் அங்கேயும் வண்ண ஓவியம் தேடுவார்கள். அங்கே இருப்பவை கல்லில் கீறிய உருவங்கள். கோடு தெரியவில்லையே என்று இப்படிப்பட்ட இடங்களில் சாக்பீஸால் வரைந்து போட்டோ எடுக்கிறவர்கள் உண்டு. அந்தப் படத்தில் தெரிவது சாக்பீஸ் பிடித்தவர் கைதான். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து கோடு தானாகத் தெரியும்.

அடுத்தது வயது. "பத்தாயிரம் வருஷம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம். செங்காவி இரும்புத் தாது. அதில் கார்பன் இல்லாததால் கார்பன் முறையில் வயது பார்க்க முடியாது. கரியில் வரைந்திருந்தால் முடியும். இந்தோனேசியாவின் சுலவேசியில் ஒரு குகையிலுள்ள பன்றி ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024-ல் சொன்னதுகூட, படத்தின் மேல் படிந்த சுண்ணாம்புப் படலத்திலுள்ள யுரேனியத்தை அளந்துதான். எங்கள் ஊர் முனியறைகள் (பழங்காலக் கற்பலகைச் சமாதிகள்) பக்கத்திலேயே இருப்பதால் அவற்றைக் கட்டியவர்கள்தான் மானையும் வரைந்தார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே பாறையில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் இருந்தால், மேலே இருப்பது பிந்தியது. அவ்வளவு மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

"காட்டுவாசிக் கிறுக்கல்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. 1879-ல் ஸ்பெயினின் அல்டமிரா குகையில் காட்டெருமை ஓவியங்களைக் கண்டபோது, ஆதி மனிதன் இவ்வளவு நன்றாக வரைந்திருக்க மாட்டான் என்று அறிஞர்களே நம்ப மறுத்தார்கள். 1902-ல்தான் அவர்களில் முக்கியமான ஒருவர் தன் தவறை எழுதி ஒப்புக்கொண்டார். எங்கள் மானின் முதுகைப் பாருங்கள். கழுத்திலிருந்து வால் வரை ஒரே இழுப்பு, எங்கேயும் திருத்தியதாகத் தெரியவில்லை.

வனத்துறை ஆளோடு காலையிலேயே போங்கள், சரிந்த வெயிலில் நன்றாகத் தெரியும். போனதும் போனை எடுக்காமல் பத்து நிமிடம் எதிரே உட்காருங்கள். முதலில் வெறும் பாறைதான் தெரியும். அப்புறம் ஒரு கொம்பு.