கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் போடுவதற்கு முன் நீங்களே செய்து பார்க்க வேண்டியவை

ஏசியில் குளிர்ச்சி குறைந்துவிட்டது என்று சொன்னதும் பெரும்பாலான கடைகளில் வரும் பதில் ஒன்றுதான்: "கேஸ் குறைஞ்சிருக்கும், ஃபில் பண்ணிடலாம்." அதிலும் ஏப்ரல், மே வந்துவிட்டால் ஏசி கடைகளில் இருக்கிற கூட்டத்தில் நிதானமாகச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆனால் ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் கசியும், அது இயல்பு. வருடா வருடம் கேஸ் போட வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே போடுவதில் பயனே இல்லை. பல நேரம் கேஸ் சரியாகவே இருக்கும், காற்று போகிற வழியில்தான் கோளாறு இருக்கும்.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனைகளை, எந்த வரிசையில் செய்தால் குழப்பம் வராதோ அந்த வரிசையில் சொல்கிறேன். நம் ஊரில் அதிகம் ஓடுகிற, ஆர்-134ஏ கேஸ் போட்ட சாதாரண சின்ன காரை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஹைப்ரிட், மின்சார கார்களில் ஏசி கம்ப்ரசருக்கு ஆரஞ்சு நிற ஒயரில் உயர் மின்னழுத்தம் போகிறது, அவற்றில் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைத் தவிர வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

ஏசி எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாக ஒரு முறை: கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கி முன்னால் இருக்கும் கன்டென்சருக்குத் தள்ளும். அங்கே வெளிக்காற்று பட்டு சூடு இறங்கி கேஸ் திரவமாகும். அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ட்ரையரைத் தாண்டி எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாகப் பாயும்போது அழுத்தம் சட்டென்று இறங்கும், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகிச் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காயில் மீது ப்ளோயர் ஊதும் காற்றுதான் நம் முகத்தில் படுகிறது. ஆக, சூட்டை வெளியே விடுகிற இடம் ஒன்று, உள்ளே சூட்டை வாங்குகிற இடம் ஒன்று. இரண்டுக்கும் காற்று ஒழுங்காகக் கிடைத்தாக வேண்டும்.

கையில் வேண்டியவை: ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானி, டார்ச், மென்மையான பிரஷ், தண்ணீர் பைப், சோப்புத் தண்ணீர் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. வேட்டி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியிலும் தானாகச் சுற்றத் தொடங்கும், விரலை எடுத்துவிடும்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

காரை நிழலில் நிறுத்துங்கள், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், புகை சேர்ந்துவிடும். கதவுகளைச் சாத்தி, ஏசியை முழுக் குளிர்ச்சியில் வைத்து, ரீசர்குலேஷன் (உள்காற்றையே திரும்பச் சுற்றவிடும் பட்டன்) போட்டு, ப்ளோயரை நடு வேகத்தில் ஓட விடுங்கள். நடுவில் இருக்கும் காற்றுத் துவாரத்தில் வெப்பமானியைச் செருகிவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1500 ஆர்பிஎம் அளவில் பத்து நிமிடம் வையுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கிற நாளில் துவாரத்தில் 6 முதல் 10 டிகிரி வரை வந்தால் ஏசி ஆரோக்கியமாக இருக்கிறது. 15-க்கு மேலேயே நின்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இந்த எண்ணை எழுதி வையுங்கள், பிறகு கடையில் வேலை முடிந்ததும் இதே மாதிரி அளந்தால் நிஜமாகவே எதாவது மாறியதா என்று தெரிந்துவிடும்.

குளிர்ச்சி எப்போது குறைகிறது என்பதையும் கவனியுங்கள். ஓடும்போது நன்றாக இருந்து சிக்னலில் நின்றால் மட்டும் சூடாக வருகிறதா? கன்டென்சர் பக்கம் சந்தேகப்படுங்கள். முதல் அரை மணி நேரம் ஜில்லென்று இருந்து, பிறகு காற்றே குறைந்து, ஏசியைக் கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறதா? அது கூலிங் காயிலில் பனிக்கட்டி பிடிப்பதன் அடையாளம், காயிலின் குளிர்ச்சியை அளக்கும் தெர்மிஸ்டர் என்ற சென்சார் போயிருக்கலாம், கேஸ் குறைந்திருந்தாலும் இப்படி ஆகும்.

படி 2: கேபின் ஃபில்டர்

பெரும்பாலான கார்களில் இது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்பக்கமாக அமுக்கினால் தடுப்புகள் விடுபட்டுப் பெட்டி முழுவதும் கீழே சாயும். பக்கத்தில் ஒரு சின்ன கயிறோ தண்டோ மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். பின்னால் நீளமான பிளாஸ்டிக் மூடி தெரியும், அதன் க்ளிப்பை அமுக்கித் திறந்தால் ஃபில்டர் வரும். நேராக இழுங்கள், இலைகளும் தூசியும் ப்ளோயருக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறுத்துப்போய் இருந்தால் தட்டிப் போடுவதை விட மாற்றிவிடுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. புதியதன் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், அது காற்று போகும் திசை, பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே மாதிரி வையுங்கள். அடிப்படை மாடல் கார்கள் சிலவற்றில் ஃபில்டர் வைக்கிற இடம் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படி இருந்தால் உடனே ஒன்று வாங்கிப் போடுங்கள், ஏனென்றால் அது இல்லாமல் ஓடிய தூசி எல்லாம் கூலிங் காயிலில் ஒட்டிக்கொள்கிறது, காயிலைச் சுத்தம் செய்ய டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரலாம். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது, புழுதி ரோட்டில் ஓடுகிறவர்கள் அதற்கும் முன்பே.

படி 3: கன்டென்சரும் ஃபேனும்

என்னைக் கேட்டால் அதிகம் புறக்கணிக்கப்படுகிற இடம் இதுதான். ரேடியேட்டருக்கு முன்னால், முன் கிரில்லை ஒட்டி மெல்லிய அலுமினியத் தகடுகளோடு இருப்பது கன்டென்சர். ஹைவேயில் அடிபட்ட பூச்சி, சேறு, பிளாஸ்டிக் கவர் எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். எஞ்சினை அணைத்து நன்றாக ஆறிய பிறகு, முதலில் காய்ந்த அழுக்கை மென்மையான பிரஷால் தகடுகளின் திசையிலேயே தட்டி எடுங்கள், அப்புறம் சாதாரண பைப் தண்ணீரை மெதுவாக விடுங்கள். முடிந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி விட்டால் சிக்கியது வந்த வழியே வெளியே வரும். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் வைத்து அடிக்காதீர்கள், தகடுகள் மடங்கிக் காற்று போகவே வழி இருக்காது.

பிறகு எஞ்சினை ஓட விட்டு ஏசியைப் போடுங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன ஸ்விட்ச் பெட்டி), ஃபேன் மோட்டார் இந்த மூன்றில் ஒன்று. இங்கே ஒரு எளிய சோதனை உண்டு: ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது கிரில் வழியாகக் கன்டென்சர் மீது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். உள்ளே வெப்பமானி மளமளவென்று இறங்கினால் சூடு வெளியேறுவதில்தான் சிக்கல், கேஸ் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

படி 4: கம்ப்ரசர் இழுக்கிறதா?

பானெட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒருவரை ஏசி பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். ஏசி போட்டதும் 'டக்' என்ற சத்தத்தோடு நடுவில் இருக்கும் கிளட்ச் தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். (சில கார்களில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் இருக்கும், அதில் இந்தச் சோதனை பொருந்தாது.) சுற்றவில்லையா, ஃபியூஸைப் பாருங்கள், ஏசி ரிலேயைக் கழற்றி அதே எண் உள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் கேஸ் மிகவும் குறைந்து பிரஷர் ஸ்விட்ச் கிளட்ச்சைத் தடுத்து வைத்திருக்கலாம். அந்த ஸ்விட்ச்சை ஒயர் போட்டு நேரடியாக இணைத்து ஓட வைக்கிறவர்களைப் பார்க்கிறேன், தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயிலும் இல்லாமல் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் ஜாம் ஆகி, உடைந்த உலோகத் துகள் கன்டென்சர் வரைக்கும் போய்விடும், செலவு எங்கேயோ போய் நிற்கும்.

படி 5: லீக் தேடுதல்

கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதோடு வெளியே வரும் ஆயில் தெரியும். டார்ச் அடித்து, குழாய் இணைப்புகள், ஹோஸ் முனையில் உலோகத்தோடு சேரும் இடம், கம்ப்ரசரின் முன்பக்கம், கல் அடிபட்ட கன்டென்சர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு திட்டு இருந்தால் அதுதான் இடம். எஞ்சினை நிறுத்திவிட்டு அங்கே சோப்புத் தண்ணீர் அடியுங்கள், குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். கேஸ் ஏற்றுகிற இடமான சர்வீஸ் வால்வின் மூடியைக் கழற்றி அதன் வாயிலும் ஒரு சொட்டு விடுங்கள், உள்ளே இருக்கும் சின்ன பின் தேய்ந்து கசிவது சகஜம். எந்த இணைப்பையும் ஸ்பேனர் போட்டுத் தளர்த்தாதீர்கள். ஆர்-134ஏ வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும், கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கேஜ் செட் (கேஸ் அழுத்தத்தை அளக்கும் மீட்டர்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். எஞ்சின் ஓடாமல் 30 டிகிரியில் கேஜ் சுமார் 95 பிஎஸ்ஐ காட்டினால் "கேஸ் ஃபுல்" என்று நினைத்துவிடுவார்கள். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறவரை அதே அழுத்தம்தான் காட்டும், பாதி அளவு இருந்தாலும் சரி. ஓடும்போது பார்த்தால்தான் விவரம் தெரியும். நல்ல வெயிலில் லோ பக்கம் (கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய்) 30 முதல் 45, ஹை பக்கம் (கம்ப்ரசரிலிருந்து கன்டென்சர் வழியாகப் போகும் குழாய்) 200 முதல் 250 பிஎஸ்ஐ இருக்கலாம். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கன்டென்சருக்குக் காற்று போதவில்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. லோ அதிகமாகவும் ஹை குறைவாகவும் இருந்தால் கம்ப்ரசர் களைத்துவிட்டது.

படி 6: கடையில் என்ன கேட்க வேண்டும்

இதற்கு மேல் வீட்டில் செய்கிற வேலை இல்லை. ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் உங்களை யாரும் அவசரப்படுத்த முடியாது. பழைய கேஸை மெஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டும், வெளியே திறந்து விடக் கூடாது. ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. அடுத்து உலர்ந்த நைட்ரஜனை ஏற்றி லீக் பார்க்க வேண்டும், டயருக்கு அடிக்கிற காற்றில் ஈரம் இருக்கும், அது வேண்டாம். லீக் உள்ள இடத்தில் புதிய ஓ-ரிங்கை (இணைப்பில் போடும் ரப்பர் வளையம்) ஏசி ஆயில் தடவி மாட்ட வேண்டும், குழாய்கள் திறந்தே கிடந்திருந்தால் ட்ரையரையும் மாற்ற வேண்டும்.

அப்புறம் வாக்குவம், அதாவது குழாய்களுக்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுப்பது. குறைந்தது அரை மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கிற ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும், தங்கிவிட்டால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், அமிலமாகிக் குழாயை அரிக்கும். பம்பை நிறுத்திக் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று நீங்களும் பாருங்கள். கடைசியில் கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் கேஸ் வகையும் கிராம் கணக்கும் இருக்கும், சின்ன கார்களில் 300 முதல் 500 கிராம் வரை. இவ்வளவு சின்ன அளவில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும், அதனால்தான் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் டாப்-அப் செய்வதை நான் ஏற்பதில்லை. விலை குறைவு என்று எல்பிஜி கலந்த கேஸ் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது தீப்பற்றும், நாம் உட்காரும் இடத்துக்குள்ளேயே கேஸ் ஓடும் கூலிங் காயில் இருக்கிறது.

இடப்பக்கக் கால் மேட் நனைகிறதா? காயிலில் சேரும் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது, காருக்கு அடியிலிருந்து மெல்லிய வளையும் கம்பியால் மெதுவாகக் குத்திவிட்டால் தண்ணீர் கொட்டும். ஏசிக் காற்றில் கெட்ட வாசனை வந்தால் போக வேண்டிய இடத்தைச் சேர்வதற்கு இரண்டு நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட விடுங்கள், காயில் காய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்காது. மார்கழிக் குளிரிலும் வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஏசியைப் போடுங்கள், கம்ப்ரசர் சீலில் ஆயில் படாமல் காய்ந்து கிடந்தால் கசிவு அங்கேதான் தொடங்கும்.