டிமென்ஷியா வந்த பெரியவங்களுக்குப் பாட்டு போடுறீங்களா? இதெல்லாம் வேணாம்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் வீட்டுக்கே போய் மறதி நோய் வந்த தாத்தா ஆயாங்கள பாத்துக்குறது என் வேலை. கூட கத்துக்க வர்ற பசங்க, நாங்கெல்லாம் ஆரம்பத்துல பண்ண அதே கூத்ததான் திரும்பப் பண்றாங்க. சவுண்ட கொறைச்சு வை, நடுவுல விளம்பரம் வராம பாத்துக்கோன்றதெல்லாம் சின்னப் புள்ளைக்கே தெரியும், அத விட்டுடுறேன்.

பாட்ட வெச்சு பரீட்சை நடத்துறது

இன்னிக்கும் எனக்கு கடுப்பாவுறது இதான். கொருக்குப்பேட்டையில ஒரு தாத்தா, பின்னி மில்லுல வேலை பாத்தவரு. பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்ப மாட்டாரு, பெத்த பொண்ணையே தங்கச்சின்னு நெனச்சுக்குவாரு, ஆனா டி.எம்.எஸ் பாட்டு ஒண்ணு போட்டா போதும், பிளாஸ்டிக் சேர் கைப்பிடியில விரலால தாளம் தட்ட ஆரம்பிப்பாரு, சரணம் வந்தா வாயும் சேந்துக்கும், ஒரு வார்த்தை தப்பாது. மகனுக்கு சந்தோஷம் தாங்கல. ஃபேமிலி குரூப்புல போடணும்னு போன மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கினு, "நைனா, இது இன்னா படம் சொல்லு? யாரு நடிச்சது? உனக்குத் தெரியும் நைனா, சொல்லு சொல்லு"ன்றாரு. விரல் நின்னுபோச்சு. என்னைப் பாத்தாரு, மகனப் பாத்தாரு, அப்புறம் லுங்கி ஓரத்த மடிக்கிறதும் பிரிக்கிறதுமா இருந்தாரு. மறுநாளும் அதே பாட்டு, அதே கேள்வி. கொஞ்ச நாள்ல முன்னிசை கேட்டாலே சுவத்துப் பக்கம் திரும்பிக்க ஆரம்பிச்சிட்டாரு. அந்த வீட்ல உருப்படியா வேலை செஞ்ச ஒரே பாட்டு, போச்சு.

படம் பேரு, நடிகர் பேரெல்லாம் மண்டைக்குள்ள தேடி எடுக்கணும், மறதி நோய்ல ஒரு வகையான அல்சைமர்ல சீக்கிரமே அடி வாங்குறது அந்தத் தேடுற வேலைதான். சின்ன வயசுல கேட்டுக் கேட்டு ஊறிப்போன மெட்டும் வரியும் அப்படியில்ல, ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். நல்லா ஓடிட்டிருக்குற எடத்துலருந்து ஆள இழுத்துனு வந்து, ஓடாத எடத்துல நிக்க வெச்சா என்னாகும்? நீங்க என்ன கேட்டீங்கன்றது அவருக்கு மறந்துடும், கூனிக்குறுகுன அந்த ஃபீலிங் மட்டும் அப்படியே நிக்கும். கேக்காதீங்க, கூடப் பாடுங்க. வேணும்னே தப்பா பாடுங்க, சில பேரு அவங்களே திருத்துவாங்க.

வயசு கணக்கு போடாம "பழைய பாட்டு" போடுறது

75 வயசுன்னதும் பாகவதர் காலத்துக்கு ஓடுறாங்க பசங்க. அவரு பொறந்ததே 1950 வாக்குல. வாலிப வயசுன்னா 1965லருந்து 75 வரைக்கும், அப்ப எம்.எஸ்.வி தான், டி.எம்.எஸ், சுசீலா தான். 65 வயசு ஆளுக்கு 1976ல வந்த இளையராஜாவே பழைய பாட்டுதான். அதே மாதிரி பெரியவங்கன்னா பக்திப் பாட்டுன்னு முடிவு பண்ணாதீங்க. பெரம்பூர் ரயில்வே குடும்பத்துல பொறந்த ஆங்கிலோ இந்தியன் கிரானிக்கு ஜிம் ரீவ்ஸ் குரல் கேட்டாதான் சாப்பாடே எறங்கும், ராயபுரத்து ஆயாவுக்கு சர்ச்சுல பாடுன ஞானப்பாட்டு வேணும். வீட்ல விசாரிங்க, கல்யாணத்துல என்ன பாட்டு போட்டாங்கன்னு கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

வடசென்னைன்னா கானா

அந்தக் காலத்து ஆளுங்கள்ல நெறைய பேருக்கு கானான்னா சாவு வீட்ல ராத்திரி முழுக்க பாடுறது. நீங்க ஜாலியா போடுவீங்க, அவரு "யாருப்பா போனது"ன்னு பதறி எந்திரிப்பாரு. ஒரு தடவ அப்படி பயந்துட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்ல, அவருக்கும் சரி வீட்டுக்கும் சரி.

நாள் பூரா ஓட விடுறது

அரை மணி நேரம் போதும். ஆஃப் பண்ணுங்க.

திடீர்னு ஹெட்போன் மாட்டுறது

பின்னாலருந்து மாட்டாதீங்க, பயந்துடுவாங்க. கையில குடுத்து தொட்டுப் பாக்க விடுங்க, புடிக்கலன்னா ஸ்பீக்கர முன்னாடி வைங்க. காது கேக்கலன்னு சவுண்ட ஏத்துறதுக்கு முன்னாடி காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு டாக்டர்கிட்ட பாத்துடுங்க.

அழுதா டக்குனு நிறுத்துறது

எல்லா அழுகையும் கெட்டதில்ல. பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கோங்க, பல பேரு அழுதுட்டு அடுத்த பாட்டு கேப்பாங்க. கை இறுகுது, மூச்சு வாங்குது, எந்திரிச்சு வாசலுக்குப் போகப் பாக்குறாங்கன்னா நிறுத்தணும், அதுவும் படக்குனு இல்ல, சவுண்ட மெதுவா எறக்கி, அப்புறம் தண்ணி வேணுமான்னு கேளுங்க. எந்தப் பாட்டுக்கு அப்படி ஆச்சுன்னு நோட்டுல எழுதி வைங்க, இல்லன்னா நைட் ஷிஃப்ட்டுக்கு வர்றவங்க அதையே போட்டுத் தொலைப்பாங்க.