தேடுபொறியில் வேண்டியதைச் சட்டென்று பிடிக்க

முழுக் கேள்வியையும் தட்டுவதைவிட, பதில் இருக்கும் பக்கத்தில் என்னென்ன சொற்கள் வரும் என்று யோசித்து அவற்றைப் போடுங்கள். கணினி பிழைச்செய்தி காட்டினால் அதை அப்படியே நகலெடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள், அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களாகக் கூகுள் எடுத்துத் தரும். ஆனால் உங்கள் பயனர் பெயரோ கோப்புப் பெயரோ அதில் இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றுமே கிடைக்காது. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி. ஜாகுவார் என்ற விலங்கைத் தேடும்போது கார்களாக வந்து குவிகிறதா, ஜாகுவார் -கார் என்று போடுங்கள். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கூடவே கூடாது. அப்புறம், மென்பொருள் விஷயமென்றால் கூகுள் முடிவுப் பக்கத்தின் கருவிகள் (Tools) பகுதியில் கடந்த 1 ஆண்டு என்று காலத்தைக் குறுக்குங்கள். அப்படியும் சிக்கவில்லையா? அதையே பிங் (Bing) என்ற இன்னொரு தேடுபொறியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.